டியூப் எடுத்த அன்றைக்கு

அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், காலை 6 மணிக்கு யூரின் டியூபை எடுத்தார்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சிஸ்டர் ஒரு சிரிஞ்சை டியூபின் பக்கவாட்டு வாயில் செருகி இழுத்தார். தெளிந்த தண்ணீர் 10 மில்லி வந்தது. டியூப் நழுவாமல் உள்ளே பிடித்துக்கொண்டிருந்த குட்டி பலூனில் இருந்த தண்ணீர் அது. "மூச்சை நல்லா இழுத்து மெதுவா விடுங்க தாத்தா" என்றார். அப்பா மூச்சை விட்டு முடிப்பதற்குள் டியூப் வெளியே வந்துவிட்டது. பையோடு சேர்த்துச் சுருட்டிச் சிவப்பு வாளியில் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"கட்டவுத்துவிட்ட மாதிரி இருக்கு தாயி" என்றார் அப்பா.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, டியூபும் எடுத்தாயிற்று, இனி நடக்கவைப்பதுதான் பாக்கி என்று தம்பிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அன்று இரவு 8 மணிக்கு அப்பாவின் அடிவயிறு கல் மாதிரி இருந்தது. இடைப்பட்ட 14 மணி நேரத்தில் நான்கைந்து பேர் வந்து "யூரின் போனாங்களா?" என்று கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னோம். அந்தப் பதில் தப்பு. அதை எழுதத்தான் இவ்வளவு நாள் கழித்து உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு 72 வயது. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜபாளையம்–மதுரை ரூட்டில் மட்டும் 27 வருஷம். ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், டி. கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று நின்று நின்றுதான் வண்டி போகும். ஆனால் நிற்கிற இடத்தில் அவர் ஆள் ஏற்றுவாரா, இறங்கி ஓடுவாரா? அடக்கிக்கொள்வார். அதைப் பெருமையாகவே சொல்வார். "ஒரு நாளும் எனக்காக வண்டிய நிறுத்தச் சொன்னதில்ல" என்று. ஒன்றுக்கு வருகிறது என்று பிறத்தியாரிடம் சொல்வதே அவருக்குக் கூச்சம். மகளிடம் சொல்வது அதைவிடக் கூச்சம்.

அம்மா இல்லை. தம்பி கத்தாரில் இருக்கிறான், ஆபரேஷன் அன்று வந்து நிற்க லீவு கிடைக்கவில்லை. அப்பாவுக்குப் பின்கட்டில் தொட்டிப் பக்கம் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து உடைந்தது. முதுகில் ஊசி போட்டு மரக்கவைத்து இடுப்பு மூட்டில் பாதியை மாற்றினார்கள். கூட இருந்தது நான்தான்.

டியூப் எடுத்த பிறகு 9 மணி இருக்கும், "அப்பா, ஒண்ணுக்குப் போனீங்களா?" என்று கேட்டேன். கேட்கும்போதே நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போனேன், போனேன்" என்றார். போர்வைக்குள் வைத்திருந்த யூரின் பாட்டை நான் எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடியில் இரண்டு ஸ்பூன் அளவுதான் இருந்தது தெரிந்திருக்கும். அதை வார்டில் வேலை பார்க்கும் அண்ணன் எடுத்துக் கழுவி வைத்துவிட்டார். 11 மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார், தையலைப் பார்த்தார், கிளம்பும்போது, "யூரின் போறாரா?" என்று கேட்டார்.

"போனாராம் சார்" என்றேன்.

'போனாராம்' என்பதில் இருக்கும் அந்த 'ஆம்' எனக்கு இன்னும் உறுத்துகிறது. நான் பார்க்கவில்லை, அவர் சொன்னார், அதைச் சொல்கிறேன் என்பதெல்லாம் அந்த இரண்டு எழுத்தில் இருக்கிறது. கேட்டவர் காதில் அது விழவில்லை. கேஸ் ஷீட்டில் போனார் என்றே ஏறியிருக்கும். எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு என்பதே தெரியாது.

மதியம் அத்தை பார்க்க வந்தார். வாழைத்தண்டு ஜூஸ் ஒரு பாட்டில், பார்லி கஞ்சி ஒரு தூக்கு. "டியூப் எடுத்தா எரியும்மா, நீர் நல்லா பிரியணும், குடிக்கக் குடு" என்றார். இரண்டையும் குடிக்கவைத்தேன். நம் ஊரில் நீர்க்கடுப்பு என்றால் வாழைத்தண்டு, நெருஞ்சில், பார்லி என்றுதான் கைவைத்தியம் போகும். ஆனால் வாசல் அடைத்திருக்கும்போது உள்ளே நீரை ஊற்றினால் என்ன ஆகும்? அன்றைக்கு யோசிக்கத் தோன்றவில்லை. அத்தை மீது தப்பில்லை. பாசத்தில் கொண்டுவந்தார்.

சாயங்காலம் 5 மணிக்கு மேல் அப்பாவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. போர்வையைப் பிடித்து இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். கேட்டால் வலிக்கவில்லை என்றார். நெற்றியில் வேர்வை. கொஞ்ச நேரம் கழித்து மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, நிறுத்துங்க" என்றார். "கல்லுப்பட்டி வந்துருச்சு, நிறுத்துங்கண்ணே, எறங்கணும்" என்றார். வலதுகை இடுப்புப் பக்கம் எதையோ தேடியது. விசிலைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தபோது அழுகை வந்துவிட்டது. வயசானவர்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படிப் பிதற்றல் வரும், தூங்கினால் சரியாகிவிடும் என்றார்கள். பேண்டேஜ் பக்கம் துணி ஈரமாக இருந்ததை நான் காட்டினேன். "பாருங்க, போகுதுல்ல, தானாவே போகுது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இரவு ட்யூட்டிக்கு வயதில் மூத்த சிஸ்டர் ஒருவர் வந்தார். அவர் எங்களிடம் எதையும் கேட்கவில்லை. போர்வையை விலக்கி, தொப்புளுக்குக் கீழே கையை வைத்து அழுத்தினார். அப்பா துடித்துப்போனார். சிஸ்டர் என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். தொப்புள் வரைக்கும் உருண்டையாக, உரிக்காத தேங்காய் மாதிரி கெட்டியாக ஒன்று இருந்தது. விரலால் தட்டிக் காட்டினார். தண்ணீர்க் குடத்தைத் தட்டினால் கேட்கிற மாதிரி கனத்த சத்தம். "காலைலேர்ந்து போகவே இல்லம்மா. சொட்டுறது போறதில்ல. நிரம்பி வழியுது" என்றார்.

திரும்ப டியூப் போட்டார்கள். பையில் ஓடி வந்து நின்றது 1150 மில்லி. கடைசியில் லேசாக ரோஸ் நிறத்தில் வந்தது. உள்ளே அவ்வளவு இழுபட்டிருந்ததால் அப்படி வரும், தானாக நிற்கும் என்றார்கள், நின்றது. அரைமணி நேரத்தில் அப்பா கண்ணைத் திறந்து, "எத்தன மணி தாயி?" என்று தெளிவாகக் கேட்டார். பஸ் போய்விட்டது, விசில் போய்விட்டது. சிறுநீர்ப்பை நிரம்பினால் வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறும் என்பது மருத்துவத்தில் தெரிந்த விஷயம்தானாம். வலி என்று சொல்லத் தெரியாதபோது குழப்பமாகத்தான் அது வெளியே வரும்.

அடுத்த நாள் சிறுநீரக டாக்டர் வந்தார். நிதானமானவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார். நல்ல சிறுநீர்ப்பையில் 150, 200 மில்லி சேரும்போது முதல் உணர்வு வரும், 400, 500 வரும்போது எழுந்து போய்விடுவோம். அப்பாவினுடையது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விரிந்திருக்கிறது. பை என்று சொல்கிறோமே தவிர அது முழுக்கத் தசை. அளவுக்கு மீறி இழுபட்டால் பாவாடை எலாஸ்டிக் மாதிரி தொய்ந்துவிடும். சுருங்கி நீரைத் தள்ளும் பலம் உடனே திரும்பாது. சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும், நெடுநேரம் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு முழுசாகத் திரும்பாமலே போகலாம். ஆபரேஷனுக்கு அப்புறம் 500, 600 மில்லிக்கு மேல் போகவிடக் கூடாது என்று பார்ப்பதே அதற்காகத்தான்.

"ஏன் சார் வரல?" என்று கேட்டேன். காரணம் ஒன்று என்று நினைத்தேன், அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். முதுகில் போட்ட ஊசி, சிறுநீர்ப்பைக்குப் போகிற நரம்புகளையும் சேர்த்துத்தான் மரக்கவைக்கும். காலில் உணர்ச்சி வந்த பிறகும் அங்கே வரச் சில மணி நேரம் கூட ஆகும். ஹெர்னியா மாதிரி சின்ன ஆபரேஷன் செய்து அன்றைக்கே வீட்டுக்குப் போகிறவர்களுக்கு நீர் அடைப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். அப்பாவுக்கு அந்த மரப்பு போய் மூன்று நாள் ஆகிவிட்டது. ஆனால் வலிக்குப் போட்ட டிரமடால் ஊசி இருந்தது, அதுவும் சிறுநீர்ப்பையை மந்தமாக்கும். நான்கு நாளாக மலம் போகவில்லை, கெட்டிப்பட்ட குடல் பக்கத்திலிருந்து அழுத்தும். இதை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை என்று அவரே சொன்னார். 12 வருஷமாகச் சர்க்கரை இருப்பதால் நிரம்பியதை உணரும் நரம்பு கொஞ்சம் மழுங்கியிருக்கும், அதனால்தான் வலிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். எழுபது வருஷம் நின்றே பழகிய மனிதரைப் படுத்தபடியே போகச் சொன்னால் வராது. அப்புறம் புராஸ்டேட். அறுபது வயதைக் கடந்த ஆண்களில் பாதிப் பேருக்காவது அது பெருத்திருக்கும். அப்பாவுக்கும் இருந்தது. ராத்திரி நான்கு தடவை எழுந்திருப்பார், நின்று நிதானமாக வரும், சொட்டிக்கொண்டே இருக்கும். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். ஆபரேஷனுக்கு முன்னால் யாராவது அதைக் கேட்டிருந்தால், நாங்களும் சொல்லியிருந்தால், டியூபை எடுப்பதற்கு முன்பே மாத்திரையை ஆரம்பித்திருக்கலாம்.

டியூபை அவ்வளவு சீக்கிரம் எடுத்ததுதான் தப்போ என்று எனக்கு ஒரு கோபம் இருந்தது. டாக்டர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. டியூப் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம், அதனால் தேவை முடிந்ததும் எடுப்பதுதான் சரி என்றார். எடுத்தது சரி. எடுத்த பிறகு பார்க்காமல் விட்டதுதான் தப்பு. நான் அதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த டியூபுக்கு ஃபோலி என்று பெயர். பலூன் வைத்து உள்ளேயே நிற்கும்படியான இந்த வடிவத்தை 1930களில் அமெரிக்க சிறுநீரியல் மருத்துவர் ஃபிரடெரிக் ஃபோலி கொண்டுவந்தார். அதற்கு முன்னால் பெரும்பாலும் டேப் போட்டும் கட்டியும் நிறுத்தவேண்டியிருந்ததாம். உறையில் 16 என்று எழுதியிருந்தது. மூன்றால் வகுத்தால் டியூபின் தடிமன் மில்லிமீட்டரில் கிடைக்கும், ஐந்து மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். பாரிஸில் மருத்துவக் கருவிகள் செய்த ஷாரியேர் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் வைத்த அளவு அது. ராத்திரி வார்டில் தூக்கம் வராமல் இதையெல்லாம் போனில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் உடம்புக்குள் இருக்கிற ஒரு பொருளைப் பற்றித் தெரிந்துகொண்டால் பயம் கொஞ்சம் குறையும் போல இருந்தது.

டியூபோடுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்து நாள் சிறுநீர்ப்பைக்கு ஓய்வு, ராத்திரி சாப்பிட்ட பிறகு டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, மலம் இளகுவதற்கு ஒரு மருந்து. அந்த மாத்திரை புராஸ்டேட் பக்கம் இருக்கும் தசையைத் தளர்த்தி வழி விடும். சட்டென்று எழுந்தால் தலைசுற்றும். இடுப்பு உடைந்து கிடக்கிறவர் மறுபடி விழுந்துவிடக் கூடாது, கட்டிலில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழவேண்டும் என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

வீட்டுக்குப் போகிற ஆட்டோவில் ஒரு தப்பு செய்தேன். குலுங்கக் கூடாது என்று யூரின் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்கவேண்டும். மேலே போனால் பையில் இருக்கிற பழைய நீர் திரும்ப உள்ளே போகும். தரையிலும் படக் கூடாது. ஆறாம் நாள் அப்பாவுக்குக் குளிர் தூக்கிப் போட்டது, நீர் கலங்கலாக வந்தது, ஆன்டிபயாடிக் கொடுக்கவேண்டி வந்தது. அந்த ஆட்டோ பயணத்தால்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அது நினைவில் நிற்கிறது.

இரண்டாம் முறை டியூபை எடுத்தது காலை 7 மணிக்கு. பிரச்சினை வந்தால் பகலில் வரட்டும், ஆள் இருக்கும் என்பதற்காக. இந்தத் தடவை எல்லாமே வேறு மாதிரி. மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், ஒரேயடியாகக் குடிக்கக் கூடாது. வாக்கர் பிடித்து வெஸ்டர்ன் டாய்லெட் வரை நடந்து போய் உட்கார்ந்து முயற்சி செய்யவேண்டும். அளவு கோடு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்று. நான் கதவுக்கு வெளியே நின்றேன். குழாயைக் கொஞ்சம் திறந்துவிடச் சொன்னார் அப்பா, தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் வரும் என்று. 10 மணி வரை ஒன்றும் இல்லை. 10.20க்கு உள்ளே மக்கில் சத்தம் கேட்டது. முதலில் சொட்டு, அப்புறம் விட்டு விட்டு, அப்புறம் ஒரே கோடாக. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். பிள்ளை பிறந்து அழுகிற சத்தம் கேட்டபோது இருந்த நிம்மதிதான் அது, வேறு எதையும் அதற்குச் சமமாகச் சொல்லத் தெரியவில்லை.

வெளியே வந்தது 240 மில்லி. உடனே ஸ்கேனில் பார்த்தால் உள்ளே மிச்சம் 210. பாதிதான் தேறியிருக்கிறது. மிச்சம் 50, 100க்குள் இருந்தால் நல்லது, 300ஐத் தாண்டினால் யோசிக்கவேண்டும், இது நடுவில் இருக்கிறது, விட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். சரிப்பட்டு வராவிட்டால் என்ன வழி என்றும் அன்றைக்கே சொல்லிவிட்டார். இடுப்பு ஆறிய பிறகு புராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கலாம். அதுவரை ஒரு மெல்லிய டியூபை வைத்து, நாளைக்கு நாலைந்து முறை அவரே போட்டு நீரை எடுத்துவிட்டு உடனே வெளியே எடுத்துவிடலாம். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் 1972இல் ஜாக் லாபிடஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இந்த முறையை எழுதியதிலிருந்து, முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் எத்தனையோ பேர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தாங்களே செய்துகொண்டு வேலைக்கும் போய் வருகிறார்கள். நிரந்தரமாக டியூபோடு இருப்பதைவிட அது மேல். அப்பா, "சொல்லிக்குடுத்தா கத்துக்கிர்றேன்" என்று மட்டும் சொன்னார். அந்த வயதில் அப்படிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்.

அது தேவைப்படவில்லை. ஆனால் வீட்டில் ஒரு நோட்டு ஆரம்பித்தோம். எத்தனை மணிக்குப் போனார், எவ்வளவு, என்ன குடித்தார் என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். முதல் இரண்டு நாள் நான் எழுதினேன். மூன்றாம் நாள் அப்பா நோட்டை வாங்கிக்கொண்டு, ஸ்கேலை வைத்துக் கோடு போட ஆரம்பித்துவிட்டார். கண்டக்டர்கள் டிக்கெட் கணக்கு எழுதும் வே பில்லில் ஸ்டேஜ் வாரியாக எழுதுவது போலவே கட்டம். நேரம், குடித்தது, போனது, கசிந்தது. ஒவ்வொரு ராத்திரியும் அடியில் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். என்னிடம் வாயால் சொல்ல முடியாத மனிதர் எண்ணாக எழுதி நோட்டைத் திறந்தபடி டீப்பாயில் வைத்துவிட்டுப் போவார். நான் படித்துக்கொள்வேன். எங்களுக்குள் அப்படி ஒரு வழி கிடைத்தது.

அந்த நான்காவது கட்டம்தான் அடுத்த கஷ்டம். நீர் போக ஆரம்பித்த இரண்டாவது வாரத்தில், வருகிறது என்று தெரிந்து எழுவதற்குள் கசிய ஆரம்பித்தது. அடைத்த பை இப்போது அவசரப்படுகிறது. இது அடிக்கடி நடப்பதுதான், டியூப் இருந்த எரிச்சல், தொற்று, ஆடிப்போன தசை எல்லாம் சேர்ந்து சில வாரம் இப்படிப் படுத்தும் என்று பிறகு தெரிந்துகொண்டோம். ஆனால் அப்பா இடிந்துபோனார். டியூப் இருந்தபோதுகூடத் திண்ணையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசினார், பையைத் துண்டால் மூடிக்கொண்டு. இப்போது திண்ணைக்கே வரவில்லை. நோட்டைப் பார்த்தால் குடித்தது என்கிற கட்டம் குறைந்துகொண்டே வந்தது. 1600, 1100, 700. தண்ணீரைக் குறைத்தால் கசியாது என்று அவராக ஒரு கணக்கு. உண்மையில் நீர் கெட்டியானால் பைக்கு இன்னும் எரிச்சல், மலச்சிக்கல் திரும்ப வரும், கிருமியும் சேரும். "ஆத்திரத்த அடக்குனாலும் மூத்திரத்த அடக்கக் கூடாதும்பாங்க, இப்ப அடக்கவும் முடியல, விடவும் முடியல" என்று ஒரு நாள் இருட்டில் படுத்துக்கொண்டு சொன்னார். இதைப் பற்றி அவர் வாயால் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் அது. நான் எழுந்து விளக்கைப் போடவில்லை. இருட்டில்தான் அவரால் பேச முடிந்தது.

பிசியோதெரபிக்கு வந்த பெண் இடுப்புக்கு மட்டும்தான் வந்தார். தயங்கித் தயங்கி நான் இதையும் சொன்னேன். அவர் சாதாரணமாக, "அதுக்கும் எக்ஸர்சைஸ் இருக்கு ஐயா" என்றார். காற்றை அடக்குவது போல அடித்தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, விட்டு, மறுபடி. ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூன்று வேளை. வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. அவசரம் வரும்போது பதறி ஓடாமல், உட்கார்ந்து நாலு தடவை இறுக்கினால் அந்த அலை அடங்கும், அப்புறம் நடந்து போகலாம். ஓடினால்தான் கசியும். வந்த பிறகு போகாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மணி பார்த்துப் போகவேண்டும். மணி பார்ப்பது அப்பாவுக்குக் கைவந்த கலை. காபியை ஒன்றாகக் குறைத்தார். தண்ணீரைச் சாயங்காலம் 6 மணிக்குள் குடித்து முடித்தார்.

பெரியம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன், பொதுவாகத்தான். முறம் பிடித்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். "அது பொம்பளைகளுக்கும் செய்யலாமா?" என்று கேட்டார். கர்ப்பப்பை எடுத்து 19 வருஷம் ஆகிறது. அப்போது டியூப் எடுத்த பிறகு இரண்டு நாள் நீர் பிரியாமல் மறுபடி போட்டார்களாம். அதற்கப்புறம் இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் நனைந்துவிடும். 19 வருஷமாகப் பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு, கல்யாண வீடுகளில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். பெரியப்பாவுக்குத் தெரியாது. சொந்தத் தங்கையான என் அம்மாவுக்கும் தெரியாது. இந்தப் பயிற்சியை ஆர்னால்ட் கீகல் என்ற மகளிர் நோய் மருத்துவர் எழுதியது 1948இல். பெண்களுக்காகவே எழுதினார். பெரியம்மா பிறப்பதற்கு முன்பே இருந்த ஒன்று, அறுபத்தெட்டு வயதில், அப்பாவின் உடைந்த இடுப்பு வழியாக அவரிடம் வந்து சேர்ந்தது. எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. இப்போது மூன்று மாதமாகச் செய்கிறார். முழுதாக நிற்கவில்லை, ஆனால் குடம் தூக்கும்போது நனைவதில்லை என்றார். மிச்சத்துக்கு டாக்டரிடம் கூட்டிப்போகத் தேதி வாங்கியிருக்கிறேன்.

இதைப் படிக்கிற யாருக்காவது வீட்டில் ஒருவர் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தால், என் கையில் அன்றைக்கு இருந்திருக்கவேண்டிய விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். டியூப் எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரத்தில் நன்றாகப் போகவில்லை என்றால் கேட்டுப் பாருங்கள், எட்டு மணி நேரத்தைத் தாண்டவே விடாதீர்கள். வலி இல்லை என்றாலும்தான். "போனாரா" என்று கேட்காமல் மக்கை வாங்கி அளவைப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக அடிக்கடி வந்தால் அடிவயிற்றில் கை வையுங்கள், ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் வாழைத்தண்டும் வேண்டாம், லிட்டர் கணக்கில் தண்ணீரும் வேண்டாம். ஒன்றிரண்டு நாள் எரிச்சல் இருப்பது வழக்கம். குளிர் காய்ச்சலோ, கட்டி கட்டியாக ரத்தமோ வந்தால் உடனே போகவேண்டும். நீர் பிரியாமல், கூடவே கால் வலுவிழந்து, உட்காரும் இடம் மரத்துப்போனது போல இருந்தால் அது முதுகுத்தண்டு நரம்பு சம்பந்தப்பட்டது, ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆபரேஷனுக்கு முன்பே, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். சளிக்குப் போடுகிற சில மாத்திரைகள்கூட நீரை அடைக்கும்.

ஒன்பதாவது வாரம் மதுரையில் ஸ்கேன். மிச்சம் 40 மில்லி. போகும்போது கார் பிடிக்கலாம் என்றேன். அப்பா பஸ்ஸில்தான் போவேன் என்றார். முதல் நாள் ராத்திரியே நோட்டில் மறுநாள் தேதியை எழுதிக் கோடு போட்டு வைத்துவிட்டார். காலையில் முன்வாசல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தோம், கைத்தடியைக் கம்பியில் மாட்டினார். கண்டக்டர் சின்னப் பையன், அப்பாவைத் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நுழையும்போது அப்பா எழுந்து அவன் தோளைத் தொட்டு, "தம்பி, ஒண்ணுக்குப் போயிட்டு வந்துர்றேன், ரெண்டு நிமிஷம் வண்டிய நிறுத்தி வைக்கிறியா?" என்றார். சத்தமாகத்தான் சொன்னார், முன்னால் இருந்த நாலைந்து பேருக்குக் கேட்டது.

"போயிட்டு வாங்க ஐயா, நிக்கிறேன்" என்றான்.

தடியை ஊன்றி மெதுவாகப் போனார், மெதுவாக வந்தார். வண்டி கிளம்பியதும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஆட்டத்தில் கோணாமல் எழுதத் தெரிந்த கையால் எழுதினார். ஸ்ரீவில்லிபுத்தூர், 7.35. அளவுக் கட்டத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அளக்கவில்லை, நன்றாகப் போனது" என்று எழுதி நோட்டை என் மடியில் வைத்தார்.